சம்மதம் லெம்பாவுக்கு மட்டும்

எனக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது என்பதை நான் பால் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"கவர்மெண்ட் வேலை. அதுவும் திண்டிவனத்துலயே. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வந்துடலாம்" என்று பால்கார அக்கா பாக்கெட்டோடு ஒரு தேங்காய் மிட்டாயையும் என் கையில் திணித்தார். "உங்கம்மா வாயே தொறக்கல பாத்தியா!"

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். நமக்கே தெரியாத நல்ல செய்தியாக இருந்தாலும் மிட்டாய் மிட்டாய்தான். வீடு வந்து சேர்வதற்குள் மேலும் மூன்று பேர் வழிமறித்தார்கள். ஒரு சித்தப்பாவுக்குப் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். ஒரு அக்காவுக்குச் சாதிச் சான்றிதழ். இன்னொரு பெரியவருக்கு, உப்பளத்தில் பக்கத்துப் பாத்திக்காரர் வரப்பைத் தன் பக்கமிருந்து இவர் பக்கம் நகர்த்திவிட்டார் என்று புகார். மூவருக்கும் "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்றேன். வீட்டில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதற்றப்படாமல் ஒரு பதில் சொல்லிவிட்டு, பிறகு யோசிப்பது என் வழக்கம்.

யோசித்ததில் ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை அங்கேதான் என் வேலைக் கடிதத்தை அச்செடுத்தேன். கடிதத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஆர்.டி.சி. என்று இருந்தது. கடையின் பிரிண்டரில் மை வழிந்துகொண்டிருந்தது. சி, தன் வாயை மூடிக்கொண்டு ஓ ஆகிவிட்டது. கடைக்கார அண்ணன் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். மற்றதை அவர் வாயே பார்த்துக்கொண்டது.

ஆர்.டி.சி. என்பது ஒரு நாட்டின் பிரெஞ்சுப் பெயருக்கு முதலெழுத்துகள். தமிழில் நீட்டிச் சொன்னால் காங்கோ ஜனநாயகக் குடியரசு. ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிறது. அதன் தலைநகரம் கின்ஷாசாவில் குடிதண்ணீர் சுத்திகரித்து பாட்டிலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலைக்கு, ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஆன்லைனில் நேர்காணல் நடந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நான் படித்தது வேதியியல். மரக்காணத்தில் உப்பைச் சுத்தம் செய்யும் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பு வரும். ஈரம் எவ்வளவு, அயோடின் எவ்வளவு, கரையாத மண் எவ்வளவு என்று பார்த்து எழுதுவேன். மறுநாள் இன்னொரு கைப்பிடி வரும். உப்பின் குணம் என்னவென்றால், அது மாறுவதே இல்லை. அதற்காகத்தான் அதை எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் தினமும் அதன் முகத்தில் விழிக்கிறவளுக்கு அது கொஞ்சம் அதிகம். தண்ணீரை வெளியேற்றி உப்பை எடுக்கிற ஊரில் பிறந்தவள், உப்பை வெளியேற்றித் தண்ணீரை எடுக்கிற வேலைக்குப் போகிறேன் என்று நினைத்தபோது குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன். வெளியே வரும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அம்மாவின் சம்மதம். எங்கள் வீட்டில் எல்லா முடிவையும் அப்பாதான் எடுப்பார், அம்மா சரி என்று சொன்ன பிறகு. அம்மா சரி சொல்லவில்லை. டிவியில் காங்கோ என்ற பெயர் வரும்போதெல்லாம் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் துப்பாக்கி. அவள் அந்தப் பெயரை வேறு எதற்கும் கேட்டதில்லை.

"காங்கோ வேணாம்" என்றாள். "படிச்சிருக்கற, போகணும்னு ஆசப்படற, நான் குறுக்க நிக்கல. வேற எந்த நாடா இருந்தாலும் போ. காங்கோ மட்டும் வேணாம்."

வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் அனுப்ப வேண்டும். அம்மா வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். பயத்தால் அல்ல. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, அங்கே போய்ச் சோறு இறங்காது. அதுதான் காரணம்.

இருந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் போட்டுவிடலாம் என்று சென்னைக்குப் போனேன். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும் என்பது விதி. சம்மதம் வருமா என்பது தெரியாது, வந்தால் நேரம் இருக்காது என்பது தெரியும். தெரிந்ததை முதலில் செய்துவிடுவது நல்லது. அம்மாவும் தடுக்கவில்லை. "ஊசி தானே, போட்டுக்கோ. போகாட்டியும் ஒடம்புல இருக்கட்டும்" என்றாள்.

ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே இருட்டுவதற்கு முன் ஊர் திரும்பினேன். ஈசிஆர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மனசை அடக்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்தால் முருங்கைக்கீரை வறுக்கிற வாசனை. அம்மா கூடத்தில் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் இன்னொரு பக்கம் ஸ்வெட்டரையும் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வா வா. சயருல குளிருமாடி?"

"எங்கம்மா?"

"சயருல. உங்கப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. காங்கோ இல்ல, சயருதானாமே. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை.

பிறகு அவர் சொன்ன விளக்கத்தை நேர்மையாகவே பதிவு செய்கிறேன். அவர் பள்ளியில் படித்த காலத்து உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் வயிற்றுப் பகுதியில் சயர் என்றுதான் இருந்தது. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கும். சொல்லும்போது வாயில் சைக்கிள் போகிற மாதிரி இருக்குமாம். நான் போகிற இடத்தை என் போனில் விரித்துப் பார்த்ததுமே அவருக்கு அது பழைய சயர் என்று தெரிந்துவிட்டது. அம்மா "வேற எந்த நாடா இருந்தாலும்" என்று சொன்னபோது அவர் மனதில் அந்த வரைபடம் மடிப்புக் கலையாமல் திறந்துகொண்டது. "நான் பொய் சொல்லல. எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தத சொன்னேன்" என்பது அவர் கட்சி.

நான் சென்னையில் ஊசிக்கு வரிசையில் நின்ற நேரத்தில் இங்கே ஒரு நாடு மாறிவிட்டது.

என்னால் அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. தவறான மாதிரியை வைத்துச் சரியான ரிப்போர்ட் எழுதுவது போன்றது அது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, சயர்னு இப்ப ஒரு நாடு இல்ல."

அம்மா ஸ்வெட்டரோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லாத நாட்டுக்கா பொண்ண அனுப்பறீங்க?"

"இருக்குதும்மா. பேருதான் இல்ல. சயர்ன்னா காங்கோதான்."

அடுத்து நடந்ததில் சத்தம் அதிகம், சொற்கள் குறைவு. நெத்திலி பெட்டியிலிருந்து வெளியேறியது. ஸ்வெட்டர் வெளியேறியது. அப்பாவுக்கு அன்று இரவு சாப்பாடு உண்டா என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கோட்டக்குப்பத்து பாய்.

உப்பளத்தில் பாத்தி வைத்திருக்கும் எங்கள் அப்பாவிடம் உப்பு எடுக்கிறவர். கருவாட்டு வியாபாரத்துக்கு அந்தச் சீசன் உப்பைப் பார்க்க வந்திருந்தார். இளவயதில் கின்ஷாசாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அப்பா அவரை ஸ்கூட்டரிலிருந்து இறங்கவிடாமலேயே சாட்சிக்கு இழுத்தார்.

"பாய், நீங்க வேல பாத்தது எந்த நாடு? சொல்லுங்க."

"சயரு."

"கேட்டுக்கோ!" என்றார் அப்பா.

"இப்ப காங்கோன்றாங்க" என்றார் பாய், செருப்பைக் கழற்றிக்கொண்டே. அப்பா கட்டிலில் மறுபடி உட்கார்ந்தார்.

"அரே, அது பெரிய கதை தங்கச்சி" என்று பாய் அம்மாவைப் பார்த்து உற்சாகமாக ஆரம்பித்தார். தான் எதற்குள் காலை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. "நான் போறப்ப சயரு. நாட்டு பேரும் சயரு, ஆத்து பேரும் சயரு, ரூபா நோட்டும் சயரு. சயருல சயர குடுத்து சயருல மீன் வாங்கலாம். எங்க மொதலாளி போனப்ப பெல்ஜியன் காங்கோ. நடுவுல காங்கோ குடியரசு. அப்புறம் அதுல ஜனநாயகம்னு ஒண்ண சேத்தாங்க..."

அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் உதவி செய்தேன். ஒரு பட்டியல் அரைகுறையாக நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

"எல்லாத்துக்கும் மொதல்ல அதுக்குப் பேரு சுதந்திர காங்கோ" என்றேன்.

"சுதந்திரமா? யாரு வச்ச பேரு?"

"ஒரு ராஜா. ஐரோப்பாவுல இருந்தாரு. அந்த நாடே அவரோட சொந்த சொத்து."

"பட்டா போட்டுக்கினாரா?"

"அப்படித்தாம்மா. நாலு நாட்டுக்காரங்க உக்காந்து பேசி அவருக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. அவரு அங்க போனதே இல்ல."

"போவாமயே இன்னா பண்ணாரு?"

ரப்பர் எடுக்கவைத்தார் என்றேன். போதுமான அளவு கொண்டுவராதவர்களின் கைகளை வெட்டினார்கள் என்றும் சொன்னேன். கேட்டபோது சொல்லித்தானே ஆக வேண்டும். அம்மா எண்ணிய விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாயும் தலையைக் குனிந்துகொண்டார். உப்பு வாரும் கைகள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன.

அதன் பிறகுதான் பெல்ஜியம் நாட்டு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு தன் பெயரைப் போட்டது. விடுதலை கிடைத்ததும் காங்கோ குடியரசு என்று வைத்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற இன்னொரு நாடும் அதே சமயத்தில் அதே பெயரை வைத்துக்கொண்டது. இரண்டு தலைநகரங்களும் எதிரெதிர்க் கரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் காங்கோ என்று சொல்ல, தலைநகரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இது எங்கள் யாருக்கும் புதிராக இல்லை. பாயின் கோட்டக்குப்பத்தில் தெருவுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாண்டி.

"சயருன்னா இன்னா அர்த்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறு" என்றேன். "அந்த ஊரு பாஷைல ஆத்துக்கு ஒரு வார்த்த. போர்ச்சுகல்காரங்க கப்பல்ல வந்து, 'இது என்ன?'ன்னு கேட்டிருக்காங்க. 'ஆறு'ன்னு சொல்லியிருக்காங்க. அவங்க காதுல அது சயர்னு விழுந்துடுச்சு."

"நம்ம ஜெராக்ஸ் கடக்காரன் மாதிரி" என்றார் அப்பா, சமாதானக் குரலில்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "இத்தன தடவ பேர மாத்தினா அந்த ஊரு மேல எனக்கு எப்புடி நம்பிக்க வரும்? போலீசுக்கு பயந்தவன்தான் ஊருக்கு ஒரு பேரு சொல்லுவான்."

நான் எங்கள் மாவட்டத்தை எடுத்துப் போட்டேன். அப்பா பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். பெரியப்பா மகனின் சான்றிதழில் விழுப்புரத்தோடு ஒரு தலைவரின் பெயரும் சேர்ந்த மாவட்டம். என்னுடையதில் வெறும் விழுப்புரம். மூவருக்கும் ஊர் ஒன்று, தெரு ஒன்று, வாசல் ஒன்று. சொல்லப்போனால் அந்த நாடு சயர் என்ற பெயரைக் கழற்றிப் போட்ட அதே வருடத்தில்தான் தமிழ்நாட்டு மாவட்டங்களும் தலைவர்கள் பெயரைக் கழற்றின. இந்த ஒற்றுமையை நான் பெரிதாக நம்பியிருந்தேன். அம்மாவிடம் அது ஒரு கொட்டாவியைக்கூட வரவழைக்கவில்லை.

அப்போது அப்பா, தன் வாழ்க்கையில் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னார்.

"நீ பேர மாத்திக்கல?"

பாய் சட்டென்று, அவருக்காக எடுத்து வைத்திருந்த உப்புப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு அதை மிகக் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

இதை விளக்க வேண்டும். என் அம்மாவுக்கு மூன்று பெயர்கள். பெருமுக்கல்லில் பிறந்தபோது வைத்தது ஒன்று. கல்யாணமாகி இங்கே வந்தபோது, அப்பாவின் அக்காவுக்கும் அதே பெயர். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடும்போது இருவரும் திரும்புவார்கள் என்று, தாலி கட்டிய மறுநாளே அம்மாவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் எழுதியவர் அதையும் ஒரு எழுத்து தவறாக எழுதியதில் மூன்றாவது வந்தது. இதை எழுதும்போது அந்தப் பெயர்களைப் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "மூணுல எத எழுதுனாலும் ரெண்டு வூட்டுக்காரங்களுக்குக் கோவம் வரும்" என்றாள். எனவே எழுதவில்லை.

"நானா மாத்திக்கினேன்?" என்றாள் அம்மா. மெதுவாகச் சொன்னாள், அதுதான் பயமாக இருந்தது. "எம் பேரு எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உங்கக்கா மாத்துனாங்க. ஏன், அவங்க பேர மாத்திக்கறது? நான் வந்து கேட்டனா, எம் பேர எடுத்துட்டு வேற குடுங்கன்னு?"

அப்பா மறுபடி மின்விசிறியைப் பார்க்கப் போனார். அத்தை பாண்டியில் தன் பேரப்பிள்ளையோடு நிம்மதியாக இருந்தார், இங்கே தன் பெயர் விசாரணையில் இருப்பது தெரியாமல்.

அம்மா பாயின் பக்கம் திரும்பினாள். "ஏன் பாய், அந்த நாடு தானா மாத்திக்கிச்சா, மாத்தி வச்சாங்களா?"

பாய் உப்பைத் தட்டிவிட்டு யோசித்தார். "மாத்தி வச்சதுதான். வெள்ளக்காரன் வச்சான். அப்புறம் சொந்த ஊரு தலைவரு ஒருத்தரு வந்து, வெள்ளக்காரன் வச்ச பேரே வேணாம்னு எல்லாத்தையும் மாத்துனாரு. நாட்டுக்கு மட்டும் இல்ல, ஆளுங்களுக்கும். சர்ச்சுல வச்ச பேர வுட்டுட்டு எல்லாரும் அந்த ஊரு பேருதான் வச்சுக்கணும்னு சட்டம். எங்க கடைல கல்லாவுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களுக்கு ரெண்டு பேரு."

"அவங்க வூட்ல எப்படி கூப்புடுவாங்க?"

"பழைய பேருதான். அவங்க அண்ணன் வந்தா வாசல்லேருந்தே கத்துவாரு. அவங்க 'ஷ்ஷ், ஷ்ஷ்'ம்பாங்க. கடையே சிரிக்கும்."

அம்மாவும் சிரித்தாள். அம்மாவின் அண்ணன் பெருமுக்கல்லிலிருந்து வந்தால் அவரும் வாசலிலிருந்தே பழைய பெயரைச் சொல்லித்தான் கத்துவார். சிரித்த கையோடு என்னிடம் சொன்னாள்: "நீங்க எல்லாரும் மேலருந்து வச்ச பேராவே சொல்றீங்க. அங்க இருக்கற ஒரு ஆளுகிட்ட நான் பேசணும். இப்ப."

அங்கே இருக்கிற ஒரு ஆள் என்னிடம் இருந்தார். என்னை நேர்காணல் செய்தவர்களில் ஒருவர், ஆய்வகத்தில் எனக்கு மேல் இருக்கப்போகிறவர். எந்தச் சந்தேகம் இருந்தாலும் கூப்பிடு என்று சொல்லியிருந்தார். இப்படி ஒரு சந்தேகத்தை அவர் நினைத்திருக்க மாட்டார். நமக்கு மாலை, அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் அழைத்தேன். வெள்ளைக் கோட்டும் கையில் தட்டுமாக வந்தார். என் தோளுக்குப் பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் பாய், ஓரத்தில் மன்னிப்புக் கிடைக்காத அப்பா.

"அந்தம்மாவ கேளு. உங்க ஊரு பேரு இன்னான்னு" என்றாள் அம்மா.

இங்கேதான் எனக்குத் தடுக்கியது. ஊரு என்பதை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது? அம்மாவுக்குத் தெருவும் ஊரு, தாலுகாவும் ஊரு, சிங்கப்பூரும் ஊரு. அவள் கேட்பது நாட்டையா என்று யோசிப்பதற்குள் என் வாய், உங்கள் இடத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டுவிட்டது.

அந்த அம்மா தயங்கவே இல்லை. "லெம்பா" என்றார்.

கின்ஷாசாவுக்குள் அது ஒரு பகுதி. அவர் பிறந்ததும் வாழ்வதும் அங்கேதான். தொழிற்சாலையும் எனக்கான அறையும் அதே இடத்தில்தான்.

"லெம்பா" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "லெம்பா. வாய்க்கு நல்லாதான் இருக்குது. இது இதுவரைக்கும் பேரு மாறியிருக்குதான்னு கேளு."

கேட்டேன். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குத் தெரிந்து இல்லை. லெம்பாவின் பெயரை மாற்ற யார் மெனக்கெடப் போகிறார்கள்?"

மொழிபெயர்த்தேன். அம்மா, வழக்கில் ஜெயித்தவள் மாதிரி அப்பாவைப் பார்த்தாள்.

சண்டையைப் பற்றிக் கேட்கச் சொன்னாள். அவர் மழுப்பவில்லை. கிழக்கே நடக்கிறது, அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, கவலையாகத்தான் இருக்கிறது என்றார். தூரம் எவ்வளவு என்றால், இங்கிருந்து ஏறக்குறைய டெல்லி தூரம். காய்ச்சலும் சில இடங்களில் வரும், வந்தால் நாங்களும்தான் பயப்படுவோம் என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "பயப்படறாங்க இல்ல, அப்ப நம்ம மாதிரி ஆளுங்கதான்" என்றாள். பிறகு கண் தட்டுக்குப் போனது.

"அது இன்னா, பச்சையா?"

"போண்டு" என்றார் அவர்.

"போண்டாவா?" என்று அம்மா, பாய், அப்பா மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

போண்டு என்பது மரவள்ளி இலையை இடித்து வேகவைத்த கீரை. பக்கத்தில் என்ன என்று கேட்டதற்கு அவர் ஒரு துண்டைக் கேமரா முன் தூக்கிக் காட்டினார். "மகாயாபு!" என்று பாய் துள்ளினார். "கருவாடு தங்கச்சி, கருவாடு! உப்பு போட்ட மீனு. அங்க அதுக்கு உசுர குடுப்பாங்க." தன்னிடம் நல்ல நெத்திலி இருப்பதாகவும், அவர்கள் ஊருக்கு அனுப்ப வழி உண்டா என்றும் கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான்.

அவருக்கும் கேள்வி இருந்தது. உங்கள் இடத்துக்குப் பெயர் என்ன என்று அம்மாவைக் கேட்டார். மரக்காணம் என்று சொல்வாள் என்று வாயைத் திறந்தேன். அம்மா எனக்கு முன்னால் "பெருமுக்கல்" என்றாள். இங்கே வந்து இத்தனை வருடமாகியும். அப்பா ஏதோ சொல்லப் போய், இன்றைய நிலவரத்தை நினைத்து நிறுத்திக்கொண்டார்.

"உங்கள் பெயர்?"

அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து, போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தன் பெயரைச் சொன்னாள். முதல் பெயரை. அவள் வாயால் அதை நான் கேட்டது அன்றுதான். வேறு யாரோ சின்னப் பெண் பேசுகிற மாதிரி இருந்தது.

லெம்பாவிலிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்தது. முதல் எழுத்து போய், நடுவில் ஒரு புதிய எழுத்து முளைத்து, கடைசியில் பிரெஞ்சு மூக்கொலி ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. அம்மா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சிரித்துச் சிரித்துப் பெட்டியின் மேல் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "நாலாவது! நாலாவது பேரு!" என்று விரலைக் காட்டினாள். எதற்கென்று தெரியாமலே அங்கே அவரும் சிரித்தார், அவர் பின்னால் வந்த இன்னொருவரும் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை நிதானமானவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அழைப்பு முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"காங்கோவுக்கு நான் சரி சொல்லல. சயருக்கும் சொல்லல. பின்னாடி யாரும் மாத்திப் பேசக் கூடாது. எம் பொண்ணு லெம்பாவுக்குப் போறா."

நெத்திலி பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஸ்வெட்டர் வேண்டாம் என்று பாய் சொன்னதால் அதன் இடத்தில் முருங்கைக்கீரைப் பொடி போனது. அப்பாவுக்குச் சாப்பாடு கிடைத்தது, ஆனால் பரிமாறும்போது அம்மா, "சயருல இருந்து வர்ற குழம்பு, பாத்து சாப்புடுங்க" என்றாள். நான் அந்த இரவே பதில் அனுப்பினேன்.

இரண்டு நாளில் ஊர் முழுக்க ஆர்.டி.ஓ. அழிந்து லெம்பா வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை அண்ணன் மட்டும் தன் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. "மொதல்ல ஆர்டிஓ-ன்னுதான் இருந்துச்சு. நடுவுல மாத்திட்டாங்க" என்று சொல்லிவந்தார். பட்டா சித்தப்பா வழியனுப்ப வந்தார். மாலை, ஒரு டஜன் வாழைப்பழம், கொஞ்சம் தயக்கம்.

"அந்த லெம்பா ஆபீஸ்ல பட்டா மாத்துற வேலைலாம் பாப்பாங்களாம்மா?"

"தண்ணி டெஸ்ட் மட்டும்தான் சித்தப்பா."

"பரவால்ல. எதுக்கும் ஒரு வார்த்த போட்டு வை."

சென்னை விமான நிலையத்தில் வரிசை வரிசையாக எல்லாம் சரியாக நடந்தது. பாஸ்போர்ட், விசா, மஞ்சள் காய்ச்சல் அட்டை, வேலைக் கடிதம் என்று நான்கையும் எந்தக் கை எப்போது நீட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். குடியேற்றக் கவுண்டரில் இருந்த அதிகாரி நிமிர்ந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"லெம்பா" என்றேன்.

அவர் விசாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்த நாடு அது?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. நான் சுதந்திர காங்கோவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பெல்ஜியத்தைத் தாண்டி, இரண்டு குடியரசுகளைத் தாண்டி, சயரில் இருந்தபோது பின்னால் நின்றவர் செருமினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, முத்திரையைக் குத்தினார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"வுட்டுட்டாங்களா?"

"வுட்டுட்டாங்கம்மா. எங்க போறன்னு கேட்டாரு. லெம்பான்னு சொல்லிட்டேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரியல."

"சொல்லிக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அது!" என்றாள் அம்மா. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. யாரிடமோ, எம் பொண்ணு லெம்பாவுல இருக்குது, பழைய சயரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போனைக் கையால் மூடாமலே அவரைத் திட்ட ஆரம்பித்தாள். நான் விமானத்துக்குக் கூப்பிடும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.